பெரிய ஆர்சி பிளேன்ல ஈயம் வைக்கிறதுக்கு முன்னாடி: எந்தக் கோளாறுக்கு எங்க, எவ்வளவு

ஆர்சின்னா ரேடியோ ரிமோட்ல பறக்க விடுற மாடல், பேலன்ஸ் சரியா இல்லன்னா ஈயம் வச்சுச் சரி பண்ணுவோம். சின்ன ஃபோம் பிளேன்னா ரெண்டு விரலை விங்குக்கு அடியில குடுத்துத் தூக்கினா போதும், மூக்கு தொங்குதா வால் தொங்குதான்னு அங்கயே தெரிஞ்சிடும். ரெண்டரை மீட்டர் விங், 12 கிலோ எடை, மூக்குல பெட்ரோல் இன்ஜின்னு வந்துட்டா விரல் வேலைக்கு ஆகாது, ரெண்டு பேர் தம் பிடிச்சுத் தூக்கிட்டு "எனக்கு வால் கனமா தெரியுது", "இல்லையே எனக்கு சரியா இருக்கே"ன்னு சண்டை போட்டுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அப்புறம் யாரோ ஒருத்தர் "மூக்குல ஒரு கால் கிலோ ஈயம் போட்டுடுங்க, சேஃப்"ன்னு சொல்வார், நாமளும் போட்டுடுவோம். பிளேன் வேற ஏதோ காரணத்துக்காகத் தகராறு பண்ணிருக்கும், இப்ப அது அப்படியே இருக்க, கூட கால் கிலோ சுமையும் சேர்ந்திருக்கும்.

அதனால கீழ நோய்க்குறி வாரியா எழுதிருக்கேன். உங்க பிளேன் எதைப் பண்ணுதோ அந்த இடத்துக்கு நேரா போயிடலாம், ஆனா முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க, ஏன்னா பாதி கேஸ்ல தப்பு பிளேன்ல இல்ல, அளந்ததுலதான்.

அளக்கும்போதெல்லாம் வேற வேற நம்பர் வருது

பெரிய பிளேனுக்கு மூணு தராசு முறைதான் நம்பகமானது. ரெண்டு மெயின் வீலுக்கு அடியில ஒவ்வொண்ணு, டெயில் வீலுக்கு அடியில ஒண்ணு. டெயில் வீலுக்குக் கீழ ஸ்டூல் மாதிரி ஏதாவது வச்சு பிளேனைப் பறக்குற நிலைக்குக் கொண்டு வந்துடணும், அதாவது ஃபியூசலாஜ் மட்டமா இருக்கணும். ஸ்டூல் தராசு மேல இருந்தா அதோட எடையைக் கழிச்சிடுங்க. வால் தரையில கிடக்க அப்படியே அளந்தா, பாரமெல்லாம் வீலுக்கு மேல உயரத்துல இருக்கிறதால சாய்வுக்குத் தகுந்த மாதிரி பின்னால போயிடும், நம்பர் பொய் சொல்லும்.

கணக்கு சிம்பிள். டெயில் தராசு காட்டுற எடையை, மெயின் வீல் ஆக்சிலுக்கும் டெயில் வீல் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தால பெருக்கி, மொத்த எடையால வகுத்துடுங்க. வர்றது ஆக்சிலுக்குப் பின்னால சிஜி (பிளேனோட மொத்த எடையும் சமநிலையில நிக்கிற புள்ளி) எத்தனை மிமீல இருக்குங்குறது. உதாரணத்துக்கு மொத்தம் 12 கிலோ, டெயில்ல 1.1 கிலோ, நடுவுல 1300 மிமீ. 1.1 × 1300 ÷ 12 = 119 மிமீ. விங்கோட முன் ஓரத்துல இருந்து ஆக்சில் 15 மிமீ பின்னால இருந்தா, சிஜி முன் ஓரத்துல இருந்து 134 மிமீ. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ திரும்ப வருது.

ஸ்டாண்டுல வச்சுப் பாக்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். லோ விங் பிளேனை நிமிர்த்தி வச்சா பாரம் தாங்கு புள்ளிக்கு மேல இருக்கும், ஒரு பக்கமா சரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதைத் தலைகீழா திருப்பி வைங்க. ஹை விங்னா நிமிர்த்தியே வைக்கலாம். அப்புறம் டேங்க் காலியா இருக்கணும், பேட்டரி கேனப்பி பைலட் பொம்மை எல்லாம் இருக்கணும். ரிட்ராக்ட் வீல் (பறக்கும்போது உள்ள மடங்குற வீல்) பின்னோக்கி மடங்குற டைப்னா மடக்கியும் பாருங்க விரிச்சும் பாருங்க, மேல போய் கியரைத் தூக்கினதும் சிஜி பின்னால நகரும்.

இன்னொண்ணு. பிளான்ல "முன் ஓரத்துல இருந்து 125"ன்னு போட்டிருந்தா எந்த இடத்து முன் ஓரம்? விங்கோட நடுக்கோட்டுலயா, ஃபியூசலாஜ் ஓரத்துலயா? விங் பின்னால சாய்ஞ்சிருந்தா இந்த ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் வந்துடும். சாய்வோ குறுகலோ இருக்குற விங்ல சராசரி கார்டை (விங்கோட முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் உள்ள அகலம்) கண்டுபிடிச்சு அதுல 25ல இருந்து 30 சதவீதத்துக்குள்ள வருதான்னு ஒரு தடவை சரிபார்த்துடுங்க. சாதாரண விங்-டெயில் அமைப்புள்ள பிளேனுக்கு முதல் ஃபிளைட்டுக்கு அந்த எல்லை ஓரளவு பாதுகாப்பானது, டெல்டாவுக்கும் பறக்கும் விங்குக்கும் இது பொருந்தாது.

மேஜையிலயே வால் கனம்

பெரும்பாலும் எல்லாரும் வந்து நிக்கிற இடம் இது. மேல உள்ள பிளேனுக்கு இருக்க வேண்டிய சிஜி 125, இருக்கிறது 134. 9 மிமீ பின்னால. 12000 கிராம் × 9 = 1,08,000. இதை ஈயம் வைக்கப் போற இடத்துக்கும் 125 மிமீ புள்ளிக்கும் உள்ள தூரத்தால வகுத்தா தேவையான ஈயம் கிடைச்சிடும். ஃபயர்வால்ல (இன்ஜினைப் பொருத்துற முன் தடுப்புப் பலகை) வச்சா தூரம் 450, அப்ப 240 கிராம். கௌல் (இன்ஜின் மூடி) முன் வளையத்துக்குப் பக்கத்துல 600 மிமீ கிடைச்சா 180 கிராம் போதும். துலாக்கோல் தத்துவம்தான், எவ்வளவு தள்ளிப் போறீங்களோ அவ்வளவு கம்மி.

ஆனா ஈயக்கட்டியைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி பிளேனுக்குள்ள ஏற்கனவே இருக்கிற கனத்தை நகர்த்திப் பாருங்க. ரிசீவர் பேட்டரியும் இக்னிஷன் பேட்டரியும் சேர்ந்து 250 கிராம்னு வச்சுப்போம், அதை 300 மிமீ முன்னால தள்ளினா 75,000 அப்பவே தீந்துடும், மிச்சம் 33,000தான், அதுக்கு மூக்குல வெறும் 55 கிராம். 180 எங்க 55 எங்க. ஒரு விஷயம், பேட்டரியை இன்ஜின் பக்கத்துல கொண்டு போனா எக்ஸாஸ்ட் சூடு படாம, அதிர்வு தாக்காம நுரை சுத்தி வைக்கணும், ரிசீவரை இக்னிஷன் பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க, குறுக்கீடு வரும்.

அடுத்தது வால் பக்கம். இந்தப் பிளேன்ல டெயில் வீல் 125 புள்ளியில இருந்து 1190 மிமீ தள்ளி இருக்கு, மூக்கு ஈயம் 600ல. அதாவது வால்ல குறைக்கிற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்குல கிட்டத்தட்ட ரெண்டு கிராம் மிச்சம். கனமான டெயில் வீல் பிராக்கெட், அளவுக்கு மேல தடவின எபாக்ஸி, வால்ல மட்டும் மூணு கோட் அடிச்ச பெயிண்ட், இதெல்லாம் எங்கடா போச்சுன்னு தேடுற கிராம்கள். ரடரை (வால்ல மூக்கை இடம் வலம் திருப்புற பலகை) அசைக்கிற சர்வோ மோட்டாரை முன்னால கொண்டு வந்து ரெண்டு பக்கமும் கேபிள் இழுக்குற மாதிரி பண்ணினா ஒரே அடியில பெரிய லாபம். பில்டு பண்ற காலத்துலயே வாலைக் கட்டும்போது கஞ்சத்தனமா இருந்துட்டா பின்னால அழ வேண்டியதில்ல.

இதையெல்லாம் பண்ணியும் போதலைன்னா, ஈயத்துக்குப் பதிலா வேலை செய்யுற கனமா ஏத்துங்க: ப்ரொப்பெல்லர் நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் ஸ்பின்னருக்குப் பதிலா அலுமினியம், இன்ஜினை முன்னால தள்ளுற நீளமான உலோகத் தாங்கி, பெரிய பேட்டரி. முதல் உலகப்போர் விமானங்களோட மாடல் கட்டுறவங்களுக்கு மட்டும் இதுல தப்பிக்க வழியே இல்ல. சாப்வித் கேமல், ஃபோக்கர் டிரைபிளேன் (மூணு அடுக்கு விங்)ன்னு எல்லாத்துக்கும் மூக்கு குட்டை, நிஜ விமானத்துல கனமான ரோட்டரி இன்ஜின் அங்க உக்காந்திருந்துச்சு, நம்ம இன்ஜின் அந்த விகிதத்துக்கு ரொம்ப லேசு. அதுல ஒரு கிலோவுக்கு மேல ஈயம் போனாலும் மனசைத் தேத்திக்கங்க, டம்மி இன்ஜினையே ஈயம் ஊத்தின அச்சுல பண்ணிடுங்க, பாக்கவும் நல்லா இருக்கும்.

தரையை விட்டதும் மூக்கைத் தூக்கிட்டு எகிறுது, எலிவேட்டர் தொட்டாலே துள்ளுது

இது வால் கனம், இதுதான் ஆபத்தானது. மூக்கு கனமான பிளேன் மோசமா பறக்கும், வால் கனமான பிளேன் ஒரே ஒரு தடவை பறக்கும்னு இந்தப் பொழுதுபோக்குல பழைய பேச்சு ஒண்ணு உண்டு. நேரா பறக்க விட முடியாது, நீங்க திருத்தினதை அது மிகைப்படுத்தும், நீங்க மறுபடி எதிர்ப்பக்கம் திருத்துவீங்க, கொஞ்ச நேரத்துல அலை அலையா போகும். வேகம் குறைஞ்சா ஒரு விங் படக்குன்னு விழும், சுழல ஆரம்பிச்சா வெளிய வராமலே போகலாம்.

மேல மாட்டிக்கிட்டா: டிரிம் (கையை விட்டாலும் நேரா போற மாதிரி பலகைகளோட நடு நிலையை நகர்த்துறது) பண்ணிப் பண்ணி இன்னொரு சுத்து பாக்கலாம்னு நினைக்காதீங்க. எலிவேட்டரை (வால்ல மூக்கை மேல கீழ ஆட்டுற பலகை) உடனே லோ ரேட்டுக்கு (ஸ்டிக்கை அசைச்சா பலகை கம்மியா அசையுற செட்டிங்) மாத்துங்க, டவுன் டிரிம் குடுங்க, வழக்கத்தை விட வேகமா, நீளமா, தட்டையா வந்து இறக்குங்க. திருப்பத்தைப் பெருசா போடுங்க. ஃபிளாப்பை (விங்கோட பின் ஓரத்துல கீழ இறங்குற பலகை) தொடாதீங்க, உங்க பிளேன்ல ஃபிளாப் போட்டா மூக்கு எந்தப் பக்கம் போகும்னு ஏற்கனவே தெரிஞ்சிருந்தாலொழிய. வேகத்தைக் குறைச்சு மெதுவா இறக்கலாம்னு ஆசைப்படுறதுலதான் நிறைய பிளேன் போயிருக்கு.

இறங்கினதும் திரும்ப அளந்து, கணக்குப்படி சிஜி எங்கன்னு பாத்து, கார்டோட 1 சதவீதம் வீதம் முன்னால கொண்டு வாங்க. 430 மிமீ கார்டுன்னா அது 4 மிமீ சொச்சம். அளந்தா சிஜி சரியா இருக்கு, ஆனா துள்ளல் மட்டும் இருக்குன்னா எலிவேட்டர் த்ரோவை (அது அசையுற அளவு) பாருங்க, அளவுக்கு மேல குடுத்திருப்பீங்க, இல்ல லிங்கேஜ்ல (சர்வோவையும் பலகையையும் இணைக்குற கம்பி) ஆட்டம் இருக்கும். எலிவேட்டரைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, சர்வோ அசையாம அது மட்டும் ரெண்டு மூணு மிமீ ஆடுச்சுன்னா எத்தனை கிலோ ஈயம் போட்டாலும் அது அடங்காது.

த்ராட்டில் குறைச்சதும் மூக்கு விழுது, இறக்கும்போது ஃபிளேர் (தரை தொடுறதுக்கு முன்னாடி மூக்கு நிமிர்றது) ஆகவே மாட்டேங்குது

மூக்கு கனம். லெவலா போகவே எலிவேட்டர் நிறைய அப்ல நிக்கும், பிளேனை இறக்கிட்டு எலிவேட்டரைப் பாருங்க, டிரிம்லயே கண்ணுக்குத் தெரியுற அளவு மேல தூக்கி இருக்கும். இறக்கும்போது ஸ்டிக்கை முழுசா இழுத்தும் மூக்கு வராது, மெயின் வீல் முதல்ல மோதி எம்பிக் குதிக்கும். புது பிளேன்ல பயத்துல எல்லாரும் பண்ற தப்பு இது, "கொஞ்சம் மூக்கு கனமா இருந்தா நல்லதுதானே"ன்னு. கொஞ்சம் இருந்தா நல்லதுதான். 12 கிலோ பிளேன் எலிவேட்டர் தீர்ந்து போய் தரையை நோக்கி வர்ற அளவுக்கு வேண்டாம்.

இதுக்கு வால்ல ஈயம் ஒட்டாதீங்க, முன்னால வச்ச ஈயத்தை எடுங்க. ரெண்டு முனையிலயும் ஈயம் வச்சா சிஜி சரியாத்தான் வரும், ஆனா எடை ரெண்டு நுனியில இருக்கறதால மூக்கு மேலயோ கீழயோ திரும்ப ஆரம்பிச்சா நிறுத்துறது கஷ்டம், ஸ்பின்ல இருந்து வெளிய வரவும் நேரமெடுக்கும்.

சிஜி சரியான்னு சந்தேகம், டைவ் டெஸ்ட் வேற வேற பதில் சொல்லுது

பாதி த்ராட்டில்ல கையை விட்டா நேரா போற அளவு டிரிம் பண்ணிக்கங்க. நல்ல உயரத்துல போய் த்ராட்டிலை ஐடிலுக்குக் கொண்டு வந்து 45 டிகிரில இறக்கி எலிவேட்டரை விடுங்க. தானா வேகமா மூக்கைத் தூக்கினா சிஜி முன்னால இருக்கு. அதே கோட்டுல போயிட்டே இருந்தா, இல்ல மெள்ள நிமிர்ந்தா நல்லது. இன்னும் செங்குத்தா உள்ள மடங்குச்சுன்னா பின்னால போயிடுச்சு, உடனே மெதுவா இழுத்து வெளிய எடுங்க. பெரிய ஸ்கேல் பிளேன்ல இதை ரெண்டு மூணு செகண்டுக்கு மேல விடாதீங்க, வேகம் ஏற ஏற ஐலரானோ (விங்ல பிளேனைப் பக்கவாட்டுல சாய்க்குற பலகை) எலிவேட்டரோ படபடக்க ஆரம்பிச்சா அது வேற கதை.

பதில் மாறி மாறி வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் டிரிம் பண்ணின வேகம் ஒவ்வொரு தடவையும் வேற வேறயா இருந்ததுதான். முழு த்ராட்டில்ல டிரிம் பண்ணிட்டு ஐடில்ல டைவ் அடிச்சா அந்தப் பதிலுக்கு அர்த்தமே கிடையாது. தலைகீழா பறக்கக்கூடிய பிளேன்னா அதுல போட்டுப் பாருங்க, உயரம் குறையாம இருக்க ஸ்டிக்கை நிறைய முன்னால தள்ள வேண்டியிருந்தா மூக்கு கனம், கொஞ்சமா தள்ளினா போதும்னா ஓகே, தள்ளவே வேணாம்னா பின்னெல்லைக்குப் பக்கத்துல இருக்கீங்க.

ஃபுல் த்ராட்டில்ல ஏறுது, பாதில சரியா போகுது

ஈயத்தைக் கீழ வைங்க. இது இன்ஜினோட டவுன் த்ரஸ்ட் (இன்ஜின் கொஞ்சம் கீழ பாக்குற கோணம்) விஷயமா இருக்க வாய்ப்பு அதிகம். மேல சொன்ன டைவ் டெஸ்ட்ல சிஜி நல்லா இருக்குன்னு வந்தா சந்தேகமே வேணாம், இன்ஜின் தாங்கிக்கு மேல் பக்க போல்ட்ல வாஷர் போட்டு மூக்கை ஒரு டிகிரி கீழ பாக்க வைங்க, பறந்து பாருங்க. இந்தக் கேஸ்லதான் நிறைய பேர் மூக்குல ஈயம் ஏத்தி ஏத்தி கடைசில ஃபிளேர் ஆகாத பிளேனை வச்சுக்கிட்டு முழிக்கிறாங்க.

ஏறும்போது நல்லா இருந்துச்சு, கடைசி நிமிஷங்கள்ல குணம் மாறிடுது

ரெண்டு காரணம். ஒண்ணு பெட்ரோல். ஒரு லிட்டர் சுமார் 740 கிராம். டேங்க் சிஜிக்கு 150 மிமீ முன்னால இருந்தா முழு டேங்க்ல இந்தப் பிளேனோட சிஜி 9 மிமீ கிட்ட முன்னால இருக்கும், காலியாக ஆக பின்னால வரும். அதாவது டேக் ஆஃப்ல ஒரு பிளேன், லேண்டிங்ல வேற பிளேன். காலி டேங்க்ல அளக்கச் சொன்னதுக்குக் காரணமே இதுதான். டேங்க் சிஜிக்குப் பின்னால இருந்தா உல்டா, நிறைச்சு வச்சு அளங்க, அதுதான் மோசமான நிலை. முடிஞ்சா டேங்கை சிஜி மேலயே உக்கார வச்சிடுங்க, பெட்ரோல் இன்ஜின் கார்புரேட்டர்ல பம்ப் இருக்கறதால டேங்க் இன்ஜினை ஒட்டியே இருக்கணும்னு அவசியம் இல்ல.

ரெண்டாவது காரணம், வச்ச ஈயம் வச்ச இடத்துல இல்ல. நான் ஒரு தடவை கௌலுக்குள்ள ஈயத் தகட்டை டபுள் சைட் டேப்ல ஒட்டி, மேல ஒரு கோட் சிஏவும் (சூப்பர் க்ளூ) விட்டுட்டு பெருமையா இருந்தேன். நாலாவது ஃபிளைட்ல பிளேன் கொஞ்சம் துறுதுறுன்னு பறக்குதேன்னு இறக்கிப் பாத்தா, தகடு கழண்டு கௌல் அடியில கிடக்கு, த்ராட்டில் ராடுக்கு ஒரு விரல் தூரத்துல. சூடு, எண்ணெய், அதிர்வு மூணும் சேர்ந்தா டேப்பெல்லாம் ஒரு சீசன் கூடத் தாங்காது. சிஏ அதிர்வுல சில்லு சில்லா விட்டுடும்.

6 ஜி லூப்ல 300 கிராம் ஈயம் 1.8 கிலோவா இழுக்கும், மோசமான லேண்டிங்ல அதுக்கும் மேல. அதனால ஈயத்துல ஓட்டை போட்டு போல்ட், வாஷர், லாக் நட்டோட ஃபயர்வால்லயோ இன்ஜின் பெட்டிலயோ முடுக்குங்க. பிசின் கூடுதல் பாதுகாப்புக்கு மட்டும்தான். கௌல்ல வைக்கறதா இருந்தா கௌலைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூக்கள் அந்தக் கனத்தைத் தாங்குமான்னும் பாத்துக்கங்க, அநேகமா தாங்காது. மூலை முடுக்குல குண்டு ஈயத்தை எபாக்ஸில கலந்து ஊத்துறதும் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரேயடியா நிறைய ஊத்தாதீங்க, எபாக்ஸி இறுகும்போது சூடாகும், மொத்தமா இருந்தா புகையே வரும், பக்கத்துல ஃபோம் இருந்தா உருகிடும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஆற விட்டு ஊத்துங்க. அப்படி ஊத்தினதைத் திரும்ப எடுக்க முடியாதுங்குறதால முதல் சில ஃபிளைட் வரைக்கும் போல்ட்டுதான், சிஜி முடிவான பிறகுதான் ஊத்துற வேலை.

ஈயம் விஷம்ங்க, அதை லேசா எடுத்துக்காதீங்க. வெட்டும்போது கையுறை போடுங்க, சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, தூள்தான் மோசம். முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. 327 டிகிரிலேயே உருகிடும்னு அடுப்படில வச்சு உருக்குற வேலை வேண்டாம், வெளியில காத்தோட்டமா பண்ணினாலும் அச்சுல ஒரு சொட்டு ஈரம் இருந்தா ஆவியாகி உருகின ஈயத்தை முகத்துக்குத் தெறிக்க விடும்.

எப்பவும் ஒரே பக்கம் விங் விழுது, லூப் நேரா வர மாட்டேங்குது

பக்கவாட்டு பேலன்ஸ். பெரும்பாலானவங்க இதைப் பாக்கறதே இல்ல. இன்ஜின் சைலன்சர் ஒரு பக்கமா தொங்கும், ஒரு விங்ல பெயிண்ட் கூட இருக்கும், அவ்வளவு நீள விங்ல நுனியில 30 கிராம் வித்தியாசமே போதும். ப்ராப் ஷாஃப்ட்ல ஒரு கயிறு, டெயில் வீல்ல ஒரு கயிறு கட்டித் தொங்க விடுங்க, எந்த விங் இறங்குதோ அது கனம். கயிறு ரெண்டும் நடுக்கோட்டுல இருக்கணும், பல தடவை கையால மட்டமாக்கி விட்டுப் பாருங்க.

ஆனா விங் விழறதுக்கு முறுக்கல் கூட காரணமா இருக்கலாம். பிரிச்சுப் பாக்க ஒரு வழி: நேரா பறக்கும்போது இடது விங் விழுதுன்னு வைங்க. அதே டிரிம்ல தலைகீழா போங்க. அப்பவும் அதே இடது விங்தான் தரைப் பக்கம் போகுதுன்னா அது கனம். இடது விங் மேல போயி மத்தது விழுந்தா அது விங் முறுக்கலோ ஐலரான் டிரிம்மோ, ஈயம் வச்சு பிரயோஜனம் இல்ல. இன்னொரு அடையாளம், கனத்தை ஐலரான் டிரிம்ல மறைச்சு வச்சிருந்தா ஒரு வேகத்துல நேரா போகும், இறுக்கி இழுக்கும்போது கனமான பக்கம் சாயும், வேகம் குறைஞ்சா திரும்பவும் சாயும்.

கனம்னு உறுதியானா லேசான விங் நுனிக்குள்ள, ஸ்பார் (விங்கோட உள் முதுகெலும்புக் கட்டை) பக்கத்துல ஒரு துளை போட்டு ஈயக் கம்பியை எபாக்ஸியோட நுழைச்சிடுங்க. முதல்ல டேப்ல வெளிய ஒட்டி எவ்வளவு வேணும்னு கயிறுல தொங்க விட்டுப் பாத்துட்டு அப்புறம் துளை போடுங்க. 10, 15 கிராம்லயே தீர்ந்துடும் பெரும்பாலும், 50க்கு மேல கேட்டுச்சுன்னா விங்குக்குள்ள ஏதோ தண்ணியோ எண்ணெயோ ஊறியிருக்கான்னு பாருங்க.

பேலன்ஸ் எல்லாம் சரி, ஆனா பிளேன் செங்கல் மாதிரி இறங்குது

ஈயம் கூடிப் போச்சு. எடை 10 சதவீதம் ஏறினா ஸ்டால் வேகம் (இதுக்குக் கீழ போனா விங் பிளேனைத் தாங்காது) சுமார் 5 சதவீதம் ஏறும், கேக்க கம்மியா இருக்கும், லேண்டிங்ல காட்டும். அதுக்குன்னு ஈயத்தை அப்படியே பிடுங்கிடாதீங்க, மூக்கோட உச்சிக்குத் தள்ளுங்க, 450ல இருக்கிற 240 கிராமை 600க்குக் கொண்டு போனாலே 60 கிராம் போயிடும். இடம் இல்லன்னா டங்ஸ்டன் யோசிக்கலாம், ஈயம் ஒரு கன செமீக்கு 11.3 கிராம், டங்ஸ்டன் 19.3, கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கால் மடங்கு, ஈயத்தை நுழைக்கவே முடியாத குறுகலான ஸ்பின்னர் பின்புறத்துலகூட உக்காரும். விலை ஈயத்தை விட ரொம்ப அதிகம்.

எத்தனை கிராம், எந்த இடத்துல, சிஜி எவ்வளவுன்னு பேட்டரி தட்டுக்குப் பக்கத்துல மார்க்கர்ல எழுதிடுங்க. அடுத்த சீசன்ல வேற பேட்டரி போடும்போது எல்லாத்தையும் முதல்ல இருந்து அளக்க வேண்டியிருக்காது, நட்டு கழண்டு ஈயம் காணாம போயிருந்தாலும் எவ்வளவு காணோம்னு தெரியும்.